கை கொடுக்க வைத்தேன், மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை

கேள்வி: வளவு வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், உறவினர் ஒருவரின் பழைய வீட்டு வளவில் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தில்), மூன்று ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். வீட்டுக்காரர்கள் பிள்ளையார் நோன்புக்கும் திருமணங்களுக்கும் மட்டுமே ஊருக்கு வருவதால், மற்ற நாட்களில் அந்த வளவும் பட்டாலை என்னும் கூடமும் பிள்ளைகளின் குரலால் நிறைந்திருக்கட்டும் என்று அவர்களே விரும்பிக் கொடுத்த இடம் அது. 6 வயது முதல் 10 வயது வரை 14 பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டுப்பாடம் முடிந்ததும் சுண்டலோ பணியாரமோ சாப்பிட்டுவிட்டு, இருட்டும் வரை விளையாடிவிட்டுப் போவார்கள்.

படிப்பில் எனக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. அவர்களுக்குள் எழும் பிணக்குகளைத்தான் எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் இருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் மரவேலைக்காக வெளியூரிலிருந்து குடிவந்த ஒருவரின் மகள் எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்கு 9 வயது. கதை படிப்பதில் கெட்டிக்காரி. முதல் இரண்டு வாரம் எல்லோரும் அவளைச் சுற்றியே இருந்தார்கள். பிறகு என்ன நடந்ததென்று தெரியவில்லை, வகுப்பிலேயே மூத்தவளான 10 வயதுப் பெண் அவளுக்குக் ‘காய்’ விட்டாள். மறுநாள் அவளுடைய தோழிகள் நால்வரும் காய் விட்டார்கள். மூன்றாம் நாள் சின்னப் பிள்ளைகள்கூட, எதற்கென்றே தெரியாமல், கட்டைவிரலை முகவாயில் தட்டிக் காட்டினார்கள். சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் எந்தத் தூணருகே போய் உட்கார்ந்தாலும், அங்கிருந்தவர்கள் எழுந்து அடுத்த தூணுக்குப் போனார்கள்.

நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, மூத்தவளை நடுவில் நிறுத்தி, ‘மன்னிப்புக் கேள்’ என்றேன். கேட்டாள். இருவர் கையையும் நானே பிடித்துச் சேர்த்து, ‘பழம் விட்டாச்சு’ என்று சொல்ல வைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் மனம் நிறைந்திருந்தது. மறுநாள் முதல் புதிய பெண் வகுப்புக்கு வரவில்லை. இன்றோடு ஆறு நாளாகிறது.

எங்கே தவறினேன்? உணர்ச்சிகளையும் நட்பையும் கூட்டத்தில் ஒத்துப்போவதையும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போலக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1: பணி நிறைவு ஆசிரியை, தேவகோட்டை

அன்புள்ள மகளே, நீங்கள் செய்ததை நானும் பல ஆண்டுகள் செய்தவள்தான். வகுப்பறையில் சத்தம் அடங்கிவிட்டால் பிணக்கும் தீர்ந்துவிட்டது என்று எண்ணியிருந்த காலம் அது. பலர் பார்க்கக் கேட்கவைத்த மன்னிப்பால், கேட்டவளுக்கு அவமானமும், கேட்கப்பட்டவளுக்கு ‘இனிமேல் என்ன ஆகுமோ’ என்ற அச்சமும்தான் மிஞ்சும். இரண்டையும் சொல்ல அவர்களிடம் சொல் இருக்காது. ஆகவே, தொடங்க வேண்டிய இடம் சொல் என்பது என் துணிபு.

இக்காலப் பிள்ளைகளிடம் ‘என்னம்மா ஆச்சு’ என்று கேட்டுப் பாருங்கள். ‘கடுப்பா இருக்கு’ என்பார்கள். தோழி வேறொருத்தியோடு போனாலும் கடுப்பு, கணக்கு வராவிட்டாலும் கடுப்பு, பசித்தாலும் கடுப்பு. அந்த ஒரு சொல்லுக்குள் ஏக்கம், பொறாமை, வெட்கம், ஏமாற்றம், பயம், சோர்வு எல்லாம் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தறியாத பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று கேட்க முடியாது. கேட்க முடியாதபோது கைதான் நீளும், அல்லது காய் விடும்.

நம் மொழியில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உணர்ச்சியை நாம் உடம்பில் வைத்துத்தான் பேசுகிறோம். வயிறு எரிகிறது, தொண்டை அடைக்கிறது, முகம் சுண்டிப்போனது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் உதறுகிறது என்கிறோம். தொல்காப்பியர் இதற்கு மெய்ப்பாடு என்றே பெயரிட்டார். மெய்யில் புலப்படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டை வகுத்து, ஒவ்வொன்றும் எந்த நான்கு வழிகளில் பிறக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பதற்கு முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துதல் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். அழுகிற பிள்ளையின் முன் உட்காரும்போதெல்லாம் இந்த நான்கையும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்: யாராவது இழிவாகப் பேசினார்களா, எதையாவது இழந்துவிட்டதா, நேற்றுவரை இருந்த இடம் இன்று போய்விட்டதா, மற்றவரிடம் இருப்பது தன்னிடம் இல்லையா? பெரும்பாலும் நான்கில் ஒன்று பிடிபட்டுவிடும். உங்கள் மூத்த பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்றாவதை மனத்தில் கொண்டு அவளிடம் பேசிப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பிள்ளைக்கு விசாரணையாகத்தான் கேட்கும், உடனே ஒரு பொய்யைத் தேடும். ‘உடம்பில் எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையும் வயிற்றையோ தொண்டையையோ தொட்டுக் காட்டும். காட்டிய பிறகு நீங்கள் ஒரு சொல்லை மெல்ல நீட்டலாம்: ‘விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா?’ பொருந்தாவிட்டால் பிள்ளையே மறுத்து, சரியான சொல்லைத் தேடும். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது மூளையின் கொந்தளிப்பையே தணிக்கிறது என்பதை 2007-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளைப் படங்களின் வழியே காட்டினார்கள். சினந்த முகத்தின் படத்தைப் பார்த்து அதற்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் அமிக்டலா என்னும் பகுதியின் செயல் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிறோம். வந்த கோபம் போகும். பிள்ளையை ஒருமுறை ‘கோபக்காரி’ என்று அழைத்துவிட்டால், அது வந்து போகும் ஒன்று என்பதை அந்தப் பிள்ளை மறந்துவிடுகிறது. ‘கோபம் எப்ப வந்துச்சு? இப்ப இருக்கா, போயிடுச்சா?’ என்று கேட்டுப் பழக்குங்கள். என் வகுப்பில் ஒரு பையன், ‘வாசல் வரைக்கும் போயிருக்கு டீச்சர், இன்னும் தெருவைத் தாண்டல’ என்று சொன்னான். அன்று அவனைச் சேர்த்து வைக்காமல், தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் சண்டையில் அதிகம் நுழைய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறவர்தான் அந்த வயதில் நண்பர். ஐந்து நிமிடத்தில் அவர்களே பழம் விட்டுவிடுவார்கள். ஒன்பது, பத்து வயதில் நட்பென்பது நம்பிக்கையும் இரகசியமும் கலந்த ஒன்றாகிவிடுவதால், காயம் ஆழமாகிறது, ஆறவும் நாளாகிறது.

மறுமொழி 2: ஆத்தங்குடிக்காரன்

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியன். எங்கள் குடும்பத் தொழில் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்வது. அம்மா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சொல் மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் பங்காளிகளின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து 11 பேர் இருந்தார்கள். மூன்றாம் நாளே ‘ஊர்ப் பிள்ளைகள்’, ‘சென்னைப் பிள்ளைகள்’ என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. வளவில் யார் கிரிக்கெட் ஆடுவது, யார் சைக்கிள் ஓட்டுவது என்பதில் தொடங்கிய சண்டை, ஒருவர் செருப்பை ஒருவர் ஊரணியில் வீசுவது வரை போனது. நானும் அறிவில்லாமல் கயிறு இழுக்கும் போட்டி வைத்தேன். சண்டை இரு மடங்கானது. எல்லோருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டேன். எதிரெதிராக உட்கார்ந்து முறைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஆசிரியர் பயிற்சியில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டில் முசாபர் ஷெரீஃப் என்னும் உளவியலாளர், அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 11 வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து வைத்துக் கவனித்தார். போட்டிகள் வைத்ததும் கொடியை எரிப்பது, தங்குமிடத்தைச் சூறையாடுவது என்று பகை வளர்ந்தது. சேர்ந்து சாப்பிட வைத்தபோது ஒருவர் மீது ஒருவர் சோற்றை எறிந்தார்கள். முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோனது, உணவு கொண்டுவரும் லாரி கிளம்ப மறுத்தது என்று இரு குழுவும் சேர்ந்தால் மட்டுமே தீரக்கூடிய தேவைகளை அடுத்தடுத்து ஏற்படுத்திய பிறகுதான் பகை படிப்படியாகத் தணிந்தது. ஒரு முறை செய்ததில் தீரவில்லை, பல முறை செய்ய வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நான் பிள்ளைகளைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். பூக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே கண்ணாடி, அதன் மேல் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய நிறக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் அச்சை ஆடாமல் அசையாமல் செங்குத்தாகத் தூக்க வேண்டும். தேர்ந்த கைக்கு ஒருவரே போதும், ஆனால் பிள்ளைகளால் தனியாக முடியாது. ஊர்ப் பையன் ஒரு பக்கமும் சென்னைப் பையன் மறுபக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவன் கை முந்தியது, சிவப்பு பச்சைக்குள் ஓடிவிட்டது. ‘நீதான்’ என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் எதுவும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்தேன். மூன்றாவது கல்லில் அவர்களாகவே ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணித் தூக்கினார்கள். கோடு பிசகாமல் பூ நின்றது. அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டி, காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். கல் எப்போது வெளியே வரும் என்ற ஒரே கேள்வியைத்தான் அன்றிரவு முழுவதும் 11 பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டறை இல்லாமலும் இதைச் செய்யலாம். எலியட் ஆரன்சன் என்பவர் 1971-ஆம் ஆண்டில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து பகைத்துக்கொண்டிருந்தபோது, பாடத்தையே துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். அதே முறையில் நான் நம் வீட்டையே பாடமாக்கினேன். ஒருவருக்கு முகப்பு, ஒருவருக்கு வளவு, ஒருவருக்கு இரண்டாம் கட்டு, ஒருவருக்கு அடுப்படி. அவரவர் பகுதியைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், பிறகு நால்வரும் சேர்ந்து முழு வீட்டையும் ஒரே தாளில் வரைய வேண்டும். நீங்கள் வளவிலேயே வகுப்பு நடத்துவதால் உங்களுக்கு இது இன்னும் எளிது. அந்த இரண்டு பெண்களையும் ஒரு சோடியாக உட்கார வைத்து ஒரு வேலை கொடுங்கள்.

மறுமொழி 3: பள்ளத்தூர்த் தாய்

ஐயாவின் கடைசி வரியை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. பொறுத்தருளுங்கள்.

இரண்டு கட்சிப் பிள்ளைகள் சமமாக மோதிக்கொள்வது வேறு. ஒரு பிள்ளையைப் பதின்மூன்று பேர் ஒதுக்குவது வேறு. முன்னது பிணக்கு. பின்னதற்குத் துன்புறுத்தல் என்று பெயர், கை ஓங்காவிட்டாலும் அது துன்புறுத்தல்தான். என் மகள் நான்காம் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் இப்படி ஒதுக்கப்பட்டாள். பள்ளியில் போய்ச் சொன்னபோது, ‘ரெண்டு பேர்கிட்டயும் தப்பு இருக்கும்மா, நாங்க சேர்த்து வச்சுடுறோம்’ என்றார்கள். யார் அவளைப் படுத்தினாளோ அவள் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். திங்கட்கிழமை தோறும் காலையில் என் மகளுக்கு வயிற்றுவலி வரும். மதியச் சாப்பாடு டப்பா, நான் மூடி அனுப்பியபடியே திரும்பி வரும். பிள்ளைக்குப் பசிக்கவில்லை போலும் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேனே என்பதை இன்றும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, வகுப்பு நடத்தும் சகோதரி முதலில் செய்ய வேண்டியது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவது. ‘நாளைக்கு வந்துடு’ என்று அழைக்காதீர்கள். ‘நான் உன்னைக் கேட்காமலே செய்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு, அவள் பேசும் வரை காத்திருங்கள். அவள் சம்மதிக்கும் வரை இருவரையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டாம்.

அடுத்து, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. காய் விட்ட பதின்மூன்று பேரில் உண்மையான கோபம் ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் அடுத்தது தாங்களாகிவிடக் கூடாது என்ற பயத்தில் கூடப் போனவர்கள். கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், உடனிருந்த பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் 10 நொடிக்குள் துன்புறுத்தல் நின்றது என்று கண்டார்கள். ஆனால் குறுக்கிட்டவர்கள் மிகக் குறைவு. எப்படிக் குறுக்கிடுவது என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதே இல்லை. சண்டைக்குப் போக வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம், ‘இங்க வந்து உட்காரு’ என்று ஒரு வாக்கியம் போதும். என் மகளை அப்படி ஒரு நாள் அழைத்த சின்னப் பெண்ணின் பெயரை அவள் இன்றும் சொல்கிறாள். அழைத்த இடம் குழாயடி.

ஒதுக்குதல் அடியாகவோ மிரட்டலாகவோ மாறினாலும், பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் வாடினாலும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையோ, நம் மாநிலக் கல்வி வழிகாட்டி எண்ணான 14417-ஐயோ அழைக்கத் தயங்க வேண்டாம்.

மறுமொழி 4: ஆத்தங்குடிக்காரன்

அம்மா, நீங்கள் சொல்வது சரி. சோடியாக உட்கார வையுங்கள் என்று நான் எழுதியது தவறு. என் வீட்டுப் பிள்ளைகள் இரு பக்கமும் சம வலிமையோடு இருந்தார்கள், இங்கே அப்படி இல்லை. நால்வர் குழுவாகப் பிரித்து, புதிய பெண்ணுடன் அவளுக்கு அச்சமில்லாத ஒருவரையாவது சேர்த்து, மூத்தவளை முதலில் வேறு குழுவில் வைப்பதே முறை.

கேள்வி கேட்டவர்: வளவு வகுப்பு

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஐந்து நாட்களாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றைச் செய்துகொண்டிருந்தேன்.

புதிய பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் தாய் ஓலை கிழித்துக் கொட்டான் முடையக் கற்றுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை கிழித்தேன். அரை மணி நேரம் கழித்து அவளே வந்து, தன் வலது உள்ளங்கையைக் காட்டினாள். ‘நீங்க கையைச் சேர்த்து வச்சப்ப அவ நகத்தால கிள்ளினா அக்கா. எல்லாரும் கை தட்டினாங்க, அதனால நான் சொல்லல’ என்றாள். தழும்பு எதுவும் இல்லை, ஆனால் அவள் விரல் சரியாக ஓரிடத்தைத் தொட்டுக் காட்டியது. அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தவள் நான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மூத்தவளிடம் தனியாக, கிணற்றடியில் வைத்துப் பேசினேன். தேவகோட்டை அம்மா சொன்னபடியே ‘எங்கே இருக்கு’ என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ‘இங்க பிசையுது’ என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, சனிக்கிழமைக் கதை நேரத்திலிருந்து என்றாள். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது அவள்தான். புதிய பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று, மூத்தவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், புத்தகத்தை எடுத்துப் புதியவளுக்குக் கொடுத்தவள் நான். நான்கில் மூன்றாவதை நினைத்துக்கொண்டு பேசுங்கள் என்று அம்மா எழுதியதை அன்றிரவு திரும்பவும் படித்தேன். இதற்காகக் கிள்ளியதும் காய் விட வைத்ததும் சரியாகிவிடாது என்பதையும் அவளிடம் சொன்னேன். ‘அவகிட்ட நீ என்ன செய்யலாம்னு யோசிச்சு நீயே சொல்லு, நாளாகட்டும்’ என்று விட்டுவிட்டேன்.

புதிய பெண் நேற்று வகுப்புக்கு வந்தாள். இருவரும் பேசவில்லை. ஆனால் சுண்டல் கொடுக்கும்போது ஏழு வயதுப் பையன் ஒருவன், நான் முந்தைய நாள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பதுபோல, ‘இங்க வந்து உட்காரு’ என்று உரக்கச் சொன்னான். அவள் போய் உட்கார்ந்தாள். அந்தத் தூணிலிருந்து யாரும் எழவில்லை. மூத்தவள் அடுத்த தூணில் இருந்தாள், தலை நிமிரவில்லை.

கதைப் புத்தகத்தை இந்த வாரம் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். பள்ளத்தூர் அம்மா எழுதியதை எண்ணி நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு வரும் சனிக்கிழமை பட்டறைக்கு 14 பேரையும் அழைத்து வரலாமா ஐயா? ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே செய்ய ஏதாவது இருக்குமா?

மறுமொழி 5: ஆத்தங்குடிக்காரன்

தாராளமாக அழைத்து வாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன், காலை 7 மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. நான்கு கண்ணாடியும் நான்கு அச்சும் தனியாக எடுத்து வைக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைகள் மணல் சலிக்கட்டும், கண்ணாடி துடைக்கட்டும். சிமெண்டு கையில் பட்டால் அரிக்கும் என்பதால், நிறம் ஊற்றுகிறவர்களுக்கு மட்டும் கையுறை வாங்கி வாருங்கள், மற்றவை இங்கே இருக்கின்றன. கல் தண்ணீரில் ஊறி எடுக்கச் சில நாட்களாகும். அதை எடுக்க மறுபடி ஒரு நாள் 14 பேரும் வர வேண்டியிருக்கும் என்பதை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.